ஒரு கிண்ணம் குஞ்சுத் தீவனம்

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை ரொம்பத் தெளிவாக நடந்து முடிந்தது. குதிரை இரண்டும் அவருடையவை, கோழிகள் எல்லாம் என்னுடையவை. போர்வெல் போட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் லாயம், இந்தப் பக்கம் கோழிக்கூண்டு, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கம்பிவேலி. வெள்ளானூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, "நீங்கதான் குதிரை வளர்க்கிறவங்களா?" என்று கேட்டால், "நான் இல்லைங்க, அந்தப் பைத்தியம் பின்னாடி சாணி அள்ளிக்கிட்டு இருக்குது, போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டிவிடுவேன்.

பைத்தியம் என்றது என் வீட்டுக்காரரைத்தான். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டியவர். நான் ஆவடியில் யூனிஃபார்ம் தைக்கும் ஃபேக்டரியில் செக்கிங்கில் இருந்தேன். ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணிலிருந்து தப்பாது. அப்படிப் பேர் வாங்கியவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு வசதியாக இருக்கும்.

ரிட்டையர் ஆனதும் அவருடைய பங்கு நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பத்துத் தென்னங்கன்று வாங்கி வருகிறேன் என்று ஒரு நாள் கிளம்பிப் போனவர், குட்டியானை லோடு வண்டியில் ஒரு வெள்ளைக் குதிரையோடு வந்து இறங்கினார். பெட்டைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். ஒரு கல்யாணத்தில் காலடியில் பட்டாசு வெடித்ததிலிருந்து மேளச் சத்தம் கேட்டாலே நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது இவர் போய் நின்றிருக்கிறார்.

"கன்னு எங்கய்யா?" என்றேன்.

"அத்த அப்பால வாங்கிக்கலாம்மே. இத்தப் பாரேன், எப்படி பயந்துபோய் நிக்குது" என்றார்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாவது மாதம், அது தனியாக நிற்கிறது பாவம் என்று சொல்லி ஒரு மட்டக்குதிரையையும் கொண்டுவந்து சேர்த்தார். அந்த முறை ஒரு வாரம் பேசவில்லை. மட்டக்குதிரையும் சும்மா இருக்கவில்லை. வந்த அன்றே என் முழங்கையைக் கடித்து வைத்தது.

எனக்குக் கோழி போதும். நாற்பது உருப்படிக்குக் குறையாமல் எப்போதும் இருக்கும். கோழி என்றால் காலையில் திறந்துவிடலாம், பொழுது சாய்ந்ததும் தானாக வந்து அடைந்துகொள்ளும், கேட்டதற்கு முட்டை கொடுக்கும். குதிரை என்ன கொடுக்கும்? சாணி கொடுக்கும். பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்காரப் பெண்கள் ரோஜாத் தொட்டிக்கு அந்தச் சாணியை வாளியோடு வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அதே பெண்கள்தான் என் சேவல் விடிவதற்கு முன்னால் கூவுகிறது என்று முகத்தைச் சுளித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய பிள்ளைகள் வந்து குதிரைமேல் ஏறி இரண்டு சுற்று வருவார்கள். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். அவர் முகத்தில் அப்போது இருக்கும் பெருமையை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"சும்மா நின்னு தின்னுற ஜென்மம்" என்று அந்தப் பெட்டைக் குதிரையைச் சொல்லாத நாள் கிடையாது. அவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தாடி" என்பேன், அவ்வளவுதான்.

இப்படி இருந்தவள் எப்படி மாறினேன் என்று கேட்டால், அது காலை வேளையில் நடந்தது. பொழுது விடிந்ததும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரிப் பக்கம் புல் அறுக்கப் போய்விடுவார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். நான் கூண்டைத் திறந்து, தண்ணீர் மாற்றி, தீவனம் போட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து பெட்டைக் குதிரை வேலிக்கு வந்து தலையை இந்தப் பக்கம் நீட்டும். ஒன்றும் கேட்காது, கனைக்காது. கீழுதட்டை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டே நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனை நாள்தான் பார்க்காத மாதிரி இருப்பது? ஒரு நாள் முட்டைக்கோழித் தீவனத்தில் ஒரு கை அள்ளி நீட்டினேன். சிந்தாமல் சிதறாமல் எடுத்துக்கொண்டு, அப்புறம் என் உள்ளங்கையை ஒரு முறை நக்கியது. அதன் மூச்சு வெதுவெதுப்பாக மணிக்கட்டில் பட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. என் கையை அப்படி யாரும் நக்கியதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளும் ஒரு கை. அதற்கு மறுநாளும். எட்டு மாதம் இப்படியே போனது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் சட்டென்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கோழிப் பக்கம் திரும்பிவிடுவேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனுஷன் சந்தோஷத்தில் குதித்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. மூன்று வருஷமாக வாய் கிழியத் திட்டிவிட்டு, "எனக்கும் அது மேல ஆசைதாங்க" என்று போய் நிற்க எனக்கு வரவில்லை. அவர் சிரிப்பதை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. தீவன மூட்டைகளை வைத்திருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "உங்க குதிரைங்க என் மூட்டையில வாய வச்சா நடக்கிறதே வேற" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியும் வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு கோழிகள் ஒன்றாக அடைபடுத்து, பத்தொன்பது குஞ்சு பொரித்தன. அதற்கு முந்தின முறை பொரித்த குஞ்சுகளெல்லாம் ரத்தக் கழிச்சல் வந்து வரிசையாகச் செத்திருந்தன. அதனால் இந்த முறை தீவனக் கடையில் நானே கேட்டு, கழிச்சலுக்கு மருந்து கலந்த குஞ்சுத் தீவனமாக வாங்கி வந்தேன். மஞ்சளும் பழுப்புமாகப் பொடிப்பொடியாக, நல்ல மணமாக இருந்தது.

நாலு நாள் விடாத மழை. அவரால் புல் அறுக்கப் போக முடியவில்லை. நெமிலிச்சேரிக்குப் பதில், தெரிந்தவர்களிடம் காய்ந்த புல் கிடைக்குமா என்று காலையில் குடையோடு அலைந்துகொண்டிருந்தார். என்னுடைய பழைய மூட்டையில் ஓதம் ஏறி, தீவனம் கட்டிகட்டியாகிவிட்டது. பெட்டைக் குதிரை வழக்கம்போல வேலிக்கு வந்து நனைந்துகொண்டு நின்றது. பச்சைப்புல் இல்லாமல் அது வாடிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. குஞ்சுத் தீவனம் பொடி என்பதால் கையில் நிற்கவில்லை, ஒழுகியது. ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறைய எடுத்து வைத்தேன். பச்சைக் குஞ்சுகளுக்கே சத்து கொடுப்பது இதற்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். இரண்டு நாள், இரண்டு கிண்ணம். மட்டக்குதிரைக்குக் கொடுக்கவில்லை. என்னைக் கடித்ததை நான் மறக்கவில்லை. அதனால் அது தப்பித்தது.

அதற்கு மறுநாள் மழை விட்டிருந்தது. பெட்டைக் குதிரை வேலிக்கு வரவில்லை.

லாயத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தது. விலா இரண்டிலும் வேர்வை. வைத்த கொள்ளு வைத்தபடியே இருந்தது. பின்னங்கால் இரண்டும் லேசாக நடுங்கின. படுக்கப் பார்த்தது, பிறகு எழுந்தது. இவர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வயித்து வலிம்மே. மழையில ஈரப்புல்ல மேஞ்சிகீது. கொஞ்சம் நடத்தினா சரியாப் பூடும்" என்றார்.

குதிரைக்கு வயிற்று வலி வந்தால் நடத்துவார்கள். வாயு பிரிந்து குடல் இளகும் என்று, குதிரை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூந்தமல்லியிலிருந்து வரும் டாக்டரம்மாவுக்கு போன் செய்துவிட்டு, அவர் வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை நடத்த ஆரம்பித்தார். நிலத்தில் முன்பே நின்ற பழைய தென்னைகளைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று. அது வர மறுத்தது. "வாடி என் ராசாத்தி, இன்னும் ஒரு ரவுண்டு" என்று கெஞ்சிக் கெஞ்சி இழுத்தார்.

நான் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் என் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டிருக்கும் என்று எனக்கு அப்போதே பட்டது. எப்படியும் டாக்டர் வந்து மருந்து கொடுப்பார், சரியாகிவிடும், நாம் எதற்கு வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குவது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குமேல் அவர் அதை நடத்தினார். ஒரு மணி நேரத்துக்குமேல் நான் சும்மா நின்றேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். ஸ்கூட்டரை நிறுத்தியதும் நேராக வந்து குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"வயித்து வலின்னா இதயம் இப்படி அடிக்காதே" என்றார். "தாறுமாறா அடிக்குது. என்ன தீவனம் கொடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கிறதுதான் டாக்டர். கொள்ளு, கோதுமைத் தவிடு. வேற ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோழி வளர்க்கிறீங்களே, கோழித் தீவனம் ஏதாவது தின்னிருக்குமா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சான்ஸே இல்ல டாக்டர். மூட்டைய ரூம்ல வச்சிப் பூட்டிகினு கீறா. சாவி அவ இடுப்புலதான். என் குதிரைக்கு ஒரு பொட்டு குடுக்க மாட்டா."

என் இடுப்பில் அந்தச் சாவி சுட்டது. வாழ்க்கையில் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இந்த மூன்று வார்த்தையைச் சொல்லத்தான் சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நான்தான் டாக்டர் குடுத்தேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

மூட்டையை இழுத்து வந்து போட்டேன். டாக்டரம்மா குனிந்து, மூட்டையின் ஓரத்தில் தைத்திருந்த அட்டையைத் திருப்பிப் படித்தார். ஆங்கிலத்தில், கடுகு அளவு எழுத்தில் நாலு வரி இருந்தது. அதில் மூன்றாவது வரி, குதிரைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பது. செக்கிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள், கோழித் தீவன மூட்டையில் படிப்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்று அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோழிக்கு இந்த மருந்து ஒண்ணும் பண்ணாது. குதிரைக்கு இதயத்துச் சதையையே அரிச்சிடும்" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மாற்று மருந்து கிடையாது. முதல்ல அதை நடத்துறதை நிறுத்துங்க. இந்த நேரத்துல அது ஒரு அடிகூட வீணா எடுத்து வைக்கக் கூடாது. நடக்க நடக்க ஆபத்து."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. எடுக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மாவும் அவருமாக மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுக்குள் கரித்தூளும் எண்ணெய் மருந்தும் ஊற்றினார்கள். கழுத்தில் ஊசி குத்தி பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். தென்னைமரத்தில் ஆணி அடித்து நான்தான் பாட்டிலை மாட்டினேன். டாக்டரம்மா கிளம்பும்போது, "முதல் மூணு நாலு நாள் தாண்டட்டும். அமைதியா இருக்கணும். எந்தச் சத்தத்துக்கும் மிரளக் கூடாது. தானா வாயைத் திறந்து சாப்பிட ஆரம்பிச்சா நம்பலாம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, பிழைத்தாலும் இனி அதன்மேல் யாரையும் ஏற்றக் கூடாது, ஓடவும் விடக் கூடாது என்றும் சொன்னார். "நிக்கிறதுக்கு மட்டும்தான் இனிமே அது."

"நிக்கட்டும் டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "நாங்க மட்டும் இன்னா ஓடிகினா கீறோம்?"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. மூன்று நாள், ஒரு வாரம் என்று பேசாமல் இருப்பது இந்த வீட்டில் என்னுடைய வேலை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது தீர்த்திருப்பேன். அவர் லாயத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்தால் எடுத்துச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார்.

என்னால் முடிந்ததை நான் செய்தேன். சேவல்கள் கூவினால் அது திடுக்கிடும் என்று ஆறு சேவலையும் பிடித்து, வீட்டுக்குள் கூடை கவிழ்த்து, மேலே போர்வை போட்டு மூடினேன். அடுக்குமாடிக்குப் போய், யாருக்காவது பிறந்தநாள் இருந்தால் தயவுசெய்து இந்த வாரம் வெடி வைக்காதீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். சேவலைப் பற்றி முகம் சுளித்த அந்தப் பெண், "ஆன்ட்டி, குதிரைக்கு ஒண்ணும் ஆகாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடிக்காது என்றிருந்தேன். அன்றிலிருந்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெட்டைக் குதிரை நின்றபடியே இருந்தது. அதன் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. மட்டக்குதிரை தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை நீட்டி அதை முகர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. கடிக்கிற புத்தி அந்த நாட்களில் அதற்கும் போய்விட்டது. தினமும் காலையில் டாக்டரம்மா வந்து இதயத்தைக் கேட்பார், தலையாட்டுவார், மருந்து ஏற்றிவிட்டுப் போவார். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தது. தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் தவிட்டை வெதுவெதுப்பாகப் பிசைந்து, வெல்லம் போட்டு நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேரட் துருவி நீட்டினார். அதற்கும் திருப்பிக்கொண்டது.

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். கிட்டே போகவில்லை. அதன் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலாம் நாள் காலையில் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் தவிட்டுச் சட்டியோடு வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"இந்தா" என்றார்.

"என்ன?"

"நீ குடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேணாங்க" என்றேன். "என் கை வேணாம். நான் குடுத்ததுதான் இப்படி ஆயிடுச்சு. என்னால ஆகாது."

"எத்தினி நாளா குடுத்துகினு இருந்த?"

மறைக்க எனக்கு இனி ஒன்றும் இல்லை. "எட்டு மாசம்" என்றேன்.

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எட்டு மாசம் என்கிட்ட சொல்லாம குடுத்துகினு இருந்திருக்கியே" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. "காலைல நான் புல்லோட வருவேன், அது என்னை ஏன்னுகூட பாக்காது. வயசாயிடுச்சு, அதான் மந்தமா கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன். உன் கையத்தான் பாத்துகினு இருந்துகீது. வா. நான் குடுத்தா அது தின்னாது."

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். போதவில்லை என்று மறுபடி கழுவினேன். நகத்துக்குள் அந்த மஞ்சள் பொடி இருக்குமோ என்று பார்த்துப் பார்த்து, மூன்றாம் முறையும் தேய்த்தேன். "தோலு உரிஞ்சிடப் போவுதும்மே" என்று அவர் அங்கிருந்து சொன்னார்.

லாயத்துக்குள் நான் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. தவிட்டில் ஒரு கை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் பின்னாலிருந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். குதிரை அசையவில்லை. அதன் காதுகள் மட்டும் என் பக்கம் திரும்பின. முதல் முறையாக, அவர் வைத்த பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டேன். மெல்லத் தலையைத் தூக்கியது. என் மணிக்கட்டை முகர்ந்தது, விரல்களை முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று திருப்பிக்கொள், அதுதான் நியாயம் என்றுகூட மனசுக்குள் சொன்னேன்.

அது உதட்டை நீட்டித் தவிட்டை எடுத்துக்கொண்டது. மென்றது. விழுங்கியது. பிறகு கீழுதட்டை அசைத்துக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று என் கையைத் தேடியது.

"தின்னுது பாரு" என்றார் அவர். "அழுவாத. அது பயந்துக்கப் போவுது."

அழுதது அவர். நான் அடுத்த கை அள்ளினேன்.